பேசாமல் வைத்திருந்த எண்

மற்றவர்கள் பேசுவதற்குப் பணம் ஏற்றிக்கொடுப்பது என் பிழைப்பு. மூன்றடிக்கு ஐந்தடிக் கடை. ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பத்து போன் கவர், இருபது சார்ஜர், வெளியே வருகிறவர்கள் உட்கார ஒரு முக்காலி. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெருவில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்பது என்னைப்போல யாருக்கும் தெரியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் மனைவி சொல்வாள். அந்த வாயால் காரியம் கெட்டுப்போன ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

தெருவில் அவளுக்குப் போர்வைக்காரி என்று பெயர். போர்வை விற்பவள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத தளத்தில் இருக்கிறது அந்தக் கூடம். ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, சூடான உருளைக்குள் நுழைக்க வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து வருவதை மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் விரிப்பு. உருளைச் சூடும் பிளீச்சிங் தண்ணீரும் சேர்ந்து அவள் விரல்களில் ரேகையே இல்லாமல் செய்துவிட்டன. சிம் கார்டுகளுக்கு ரேகை வைத்துப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தபோது, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, ஒன்பதாவது விரலைத்தான் என் மெஷின் ஒத்துக்கொண்டது. "உனக்குத் திருடப் போற தொழில்தான்மா சரி" என்றேன். "திருடுறதுக்கு நேரம் எங்க இருக்கு அண்ணா, எட்டு மணிக்கு ஷிப்ட்டு" என்றாள்.

அப்படித்தான் பேசுவாள். வாய்க்கு வாய் பதில்.

அவளுக்கு ஒரு தம்பி. அவன் பிறக்கும்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்தவுடன் மூச்சு நின்றுபோய்ப் பிறகு திரும்பியதாம். உடம்பு வளர்ந்தது, புத்தி ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது. அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அம்மா மூன்று வருஷம் இருமிப் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து தம்பிக்கு எல்லாம் இவள்தான். ஆறடி உயரம், கதவை மறைக்கிற மாதிரி தோள். அவனைத் தெருவே பொடியன் என்று கூப்பிட்டது. முப்பத்தொரு வயதிலும் பொடியன்.

ஒரு தடவை அவளுக்குக் கல்யாணம்கூட நடந்தது. எட்டு மாசம். தம்பியை எங்காவது விடுதியில் சேர்த்துவிடு என்று மாப்பிள்ளை வீட்டில் ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "போய்ப் பாத்தேன், எனக்கு அந்த வீடு சரிப்படல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் விடமாட்டாள்.

அவர்கள் குடியிருப்பது ஒரு மாடி அறை. குறுகலான பதினோரு படி. என்னிடம் முதல் சிம் வாங்கியபோது அந்தப் படிகளில் வைத்துத்தான் தம்பிக்குப் போன் எண்ணைக் கற்றுக்கொடுத்தாள். ஒரு படிக்கு ஒரு இலக்கம். பத்து படி, பத்து இலக்கம். கடைசிப் படியில் "அக்கா" என்று கத்த வேண்டும். ஒன்றரை வருஷம் ஆனது. அதன்பிறகு அவனுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. பெயர் கேட்டால் எண்ணைச் சொல்வான். சாப்பிட்டாயா என்றால் எண்ணைச் சொல்வான். தெருவுக்கே அவள் எண் மனப்பாடம். குடித்துவிட்டுச் சில பேர் அவளுக்குப் போன் போட்டுத் தொல்லை கொடுத்தபோது, "நம்பரை மாத்திக்கோம்மா" என்றேன்.

"நம்பரை மாத்திடலாம் அண்ணா. அவனை யாரு மாத்துறது?" என்றாள்.

தினமும் காலையில் அவனைக் கூடவே அழைத்துக்கொண்டு போவாள். சலவைக்கூடத்தின் பின்பக்க முற்றத்தில், அழுக்குத்துணி வண்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். வண்டி தள்ள உதவுவான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் மேலிடத்திலிருந்து சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள், வெளியாட்கள் யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் அவனை உட்காரவைத்து, நகரக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு மணிக்குச் சோற்று டப்பாவோடு வந்து பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. யாரோ ஒரு லாரிக்கு மூட்டை ஏற்ற உதவிக்கொண்டிருந்தான் என்று பெருக்குகிறவர் சொன்னார். எந்த லாரி, என்ன மூட்டை, யாருக்கும் தெரியவில்லை.

போலீஸில் எழுதிக்கொடுத்தாள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். பிணவறையில் துணி விலக்கிக் காட்டியதையெல்லாம் பார்த்தாள். அவன் படம் போட்ட நோட்டீஸை நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன். கீழே பெரிதாக அந்த எண். முந்நூறு நோட்டீஸையும் தன் கையாலேயே ஒட்டினாள்.

அந்த நாளிலிருந்து அந்தப் போனிலிருந்து அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு அழைப்புகூட இல்லை. அவசரம் என்றால் சலவைக்கூட மேஸ்திரியின் மேஜைப் போனில் பேசுவாள், இல்லாவிட்டால் பேசாமலே இருப்பாள். இடுப்பில் போனைக் கட்டிக்கொண்டு ஊரான் போனில் பேசுகிறாயே என்று நான் கிண்டல் செய்தேன்.

"நான் பேசிட்டு இருக்குற நேரம் பாத்து அவன் கூப்பிட்டுட்டா? பிஸின்னு வரும். அவனுக்கு பிஸின்னா என்னன்னு தெரியுமா?"

"ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி கூப்பிடுவான்ல."

"யாராவது ஒருத்தர் இரக்கப்பட்டு ஒரு தடவை போனைக் குடுக்குறதே பெரிசு அண்ணா. ரெண்டாவது தடவை யாரு குடுப்பாங்க?"

யோசித்துப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. "அப்படியே வச்சுக்கோ, லைன் சும்மா இருக்கட்டும். பணம் மட்டும் இருந்தா போதும், நம்பர் எங்கயும் போகாது" என்றேன். தொழில் தெரிந்தவன் என்ற மிதப்பில் சொன்னேன்.

பட்டன் போன் அது. கிழிந்த விரிப்புத் துணியில் ஒரு பை தைத்து இடுப்பில் கட்டியிருந்தாள். மெஷின் சத்தத்தில் மணி கேட்காது, அதிர்ந்தால் தெரியும் என்று வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். வேலை நேரத்தில் போன் கூடாது என்று மேஸ்திரி சண்டைக்கு வந்தபோது, "வேணும்னா என்னை வெளிய அனுப்புங்க, போனைக் கேக்காதீங்க" என்றாளாம். பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். விட்டுவிட்டார்.

மாசத்துக்கு ஒரு தடவை, விடுமுறை நாளில், என் கடைக்கு வருவாள். பணம் ஏற்றியதும், "ஒரு தடவை அடிச்சுப் பாருங்க அண்ணா" என்பாள். கடைப் போனிலிருந்து அடிப்பேன். அவள் உள்ளங்கையில் அது அடிக்கும். எடுக்கமாட்டாள். அடித்து ஓய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிடுவாள். தம்பி எப்படிச் சிரிப்பான், எந்தச் சட்டை பிடிக்கும், எதற்குப் பயப்படுவான், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒரு மணி நேரம் அழுவாள். வருகிற வாடிக்கையாளர்கள் தயங்கித் தயங்கி அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

முதல் இரண்டு மாசம் எனக்கும் கண் கலங்கியது. மூன்றாவது மாசம் தலையாட்டிக்கொண்டே வேறு போனைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாசம் அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் வராமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. அதனால்தான் அந்த ஆறு மாசத் திட்டத்தை அவள் தலையில் கட்டினேன்.

"ஒரே தடவையா போட்டுக்கோம்மா. மாசாமாசம் இங்க வர்ற அலைச்சல் மிச்சம்."

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சொன்னபடியே ஆறு மாசம் வரவில்லை.

அடுத்த மாசமே கம்பெனி ஏஜெண்டு ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தார். தொண்ணூறு நாளைக்கு ஒரு அழைப்புகூடப் போகாத எண்கள், பணம் இருந்தாலும், ரத்து செய்யப்பட்டு வேறு ஆளுக்குக் கொடுக்கப்படும். அழைப்பு வருவது கணக்கில் சேராது. தாளை முழுதாகப் படித்தேன். வீட்டில் மேஜை இழுப்பறையில் கிடந்த என் இரண்டு பழைய சிம்கள் ஞாபகம் வந்தன. அன்று சாயங்காலமே அவற்றைப் போனில் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மனைவிக்கு ஒரு அழைப்பு அடித்தேன். போர்வைக்காரி ஞாபகம் வரவில்லை. எதை எதையோ சொல்லிச் சமாளிக்கலாம், ஆனால் ஞாபகம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

கம்பெனி அவள் போனுக்கும் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. பின்னால் எடுத்துப் பார்த்தேன், ஏழு குறுஞ்செய்திகள். கண்ட பட்டனை அழுத்தினால் ஏதாவது கெட்டுவிடும் என்று அவள் எதையும் திறக்கவில்லை. முதலில் வெளியே போகிற அழைப்பை நிறுத்தியிருக்கிறார்கள். அவள்தான் யாரையும் கூப்பிடுவதில்லையே, எப்படித் தெரியும்? அப்புறம் உள்ளே வருவதும் நின்றது. திரையில் மணி ஓடிக்கொண்டிருந்தது, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மூலையில் சிக்னல் இருக்கவேண்டிய இடத்தில் கடுகளவு ஒரு குறுக்குக்கோடு. கண்ணாடி போடாத நாற்பத்து மூன்று வயதுக் கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது? செத்த போனை வயிற்றோடு கட்டிக்கொண்டு இரண்டு மாசத்துக்கு மேல் விரிப்பு மடித்திருக்கிறாள்.

ஆறு மாசம் முடிந்து ஒரு மத்தியானம் வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. இளைத்திருந்தாள். பணம் ஏற்றினேன். ஏறிவிட்டது என்று என் மெஷினில் வந்தது. அவள் போனில் ஒன்றும் வரவில்லை.

"அடிச்சுப் பாருங்க அண்ணா."

அடித்தேன். என் காதில் மணி போகிறது. அவள் கையில் போன் கம்மென்று கிடக்கிறது. அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அடிக்குதா?" என்றாள். தலையாட்டினேன். "எங்க அடிக்குது?" என்றாள்.

அதற்குள் அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் எடுத்தது. "ஹலோ, யாரு? இப்பதான் யாரோ என் நம்பருக்குப் பணம் போட்டிருக்காங்க, நீங்களா?"

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இந்த எண் எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஒரு மாசம் ஆகிறது என்றார். ஊரின் அந்தப் பக்கம் இருக்கிற ஒரு எலக்ட்ரீஷியன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏங்க, அக்கா அக்கான்னு ஒருத்தர்..." என்று இழுத்தார். "இருபது நாள் இருக்கும். முதல்ல ஒரு லேடி போட்டாங்க, அக்கா இருக்காங்களான்னு. ராங் நம்பர்னேன். அப்புறம் ஒரு ஆளு வாங்கி அக்கா அக்கான்னார். அக்கா இங்க இல்லைப்பான்னேன். நான் ஏணி மேல நின்னுட்டு இருக்கேங்க, மறுபடி மறுபடி வருது. மூணாவது தடவை கத்திட்டேன். அக்காவும் இல்ல ஒண்ணும் இல்ல, இனிமே போடாதேன்னு சொல்லி பிளாக் பண்ணிட்டேன். எனக்கு எப்படிங்க தெரியும்?"

நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவளோ பெட்டி மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "பேசினானா? என் தம்பி நல்லா பேசினானா? குரல் எப்படி இருந்துச்சு? அழுதானா?" என்று கேட்டாள். உயிரோடு இருக்கிறான் என்பதைத் தவிர அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பதினோரு மாசத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த எலக்ட்ரீஷியன் நல்ல மனுஷன். சாயங்காலமே ஸ்கூட்டரில் வந்து சிம்மைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். ஏற்றிய பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றோம். அவளை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. பிளாக் செய்த எண்ணையும் கொடுத்தார். அதற்கு அடித்தேன். ஒரு வாட்ச்மேன் எடுத்தார். நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர், ஆதரவற்றோர் காப்பகம், ஆபீஸ் ஆட்கள் போய்விட்டார்கள், உள்ளே இருப்பவர்களைப் பற்றித் தனக்குத் தெரியாது, காலையில் நேரில் வாருங்கள் என்றார்.

மறுநாள் கடையை மூடிவிட்டு அவளோடு நானும் பஸ் ஏறினேன். ஒரு பையில் அவன் சட்டை இரண்டு, பேண்ட் ஒன்று, செருப்பு. பஸ் கிளம்பியதும், "அந்தப் போன்லேருந்து எனக்கு ஒரு கால் பண்ணும்மா. பண்ணினாத்தான் நம்பர் இனிமே உயிரோட இருக்கும்" என்றேன். பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டோம். "ஹலோ" என்றாள். "ஹலோ" என்றேன். "என்ன பேசுறது அண்ணா?" என்று கேட்டாள். முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது சொன்னேன். அந்தத் தாள் வந்ததை, நான் படித்ததை, ஆறு மாசத் திட்டத்தை எதற்காகக் கொடுத்தேன் என்பதை, எல்லாவற்றையும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நானும்தான் உங்க கடையில வந்து உக்காந்து உயிரை வாங்கினேன். விடுங்க. ஆளு கிடைச்சுட்டான்ல" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காப்பகம் ஒரு பழைய கிடங்கு. சுண்ணாம்பு அடித்த நீளக் கூடம், இரண்டு வரிசைக் கட்டில், பினாயில் வாடை. பொறுப்பாளராக இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். நோட்டீஸைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பெரிய நோட்டைப் புரட்டி அவன் பக்கத்தை எடுத்தார். ஒரு லாரி ஷெட்டில் சம்பளம் இல்லாமல் மூட்டை தூக்க வைத்திருந்தார்களாம். நாளெல்லாம் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தவனை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலில் அடிபட்டதும் ரோட்டில் விட்டுவிட்டார்கள். ஒரு மாசத்துக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்திருக்கிறான். அவன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'உறவினர் ஏற்க மறுத்துவிட்டனர்.'

"நிறைய வீட்டுல அப்படித்தாங்க சொல்லுவாங்க. ராங் நம்பர்னு சொல்லி வச்சிடுவாங்க. இதுவும் அப்படித்தான்னு நினைச்சுட்டோம். ஸ்பீக்கர்ல போட்டிருந்தோம், அவரும் கேட்டுட்டு இருந்தார்" என்றார் அந்த அம்மாள்.

"அவனைக் கூப்பிடுங்க மேடம்" என்றாள். பையிலிருந்து சட்டையை வெளியே எடுத்துவிட்டாள்.

அந்த அம்மாள் உட்கார்ந்தார். "அன்னைக்கு அவர் சாப்பிடல. அக்கா இல்லைன்னு அந்த ஆளு சொன்னாரு பாருங்க, அதை அப்படியே எடுத்துக்கிட்டார். அக்காவைக் காணோம், அக்கா தொலைஞ்சு போச்சுன்னு ஒவ்வொரு கட்டிலா போய்ச் சொல்லி அழுதார். பதினோரு நாளுக்கு முன்னாடி காய்கறி வண்டிக்கு கேட்டைத் திறந்தப்போ வெளிய போயிட்டார். எங்க போறேன்னு ஒரு ஆயா கேட்டதுக்கு, அக்காவைத் தேடப் போறேன்னு சொல்லியிருக்கார். நாங்களும் அந்த ஏரியா பூரா தேடினோம்மா. போலீஸ்லயும் சொல்லியிருக்கோம்."

அவள் சட்டையை மடித்தாள். விரிப்பு மடிக்கிற மாதிரியே முனைக்கு முனை சேர்த்து மடித்தாள். பிறகு இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"பரவாயில்ல மேடம். நம்பர் இப்ப என்கிட்ட வந்துடுச்சு. அவன் எங்க போனாலும் நம்பரைச் சொல்லுவான். யாராவது ஒருத்தர் போட்டுக் குடுக்காமலா போயிடுவாங்க. இந்தத் தடவை நான் எடுத்துடுவேன்" என்றாள்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லம்மா. அன்னைக்கு அப்புறம் நாங்க எத்தனையோ தடவை கேட்டுப் பாத்தோம், நம்பர் தப்பா இருக்கும், இன்னொரு தடவை சொல்லுங்கன்னு. சீட்டுல எழுதிச் சட்டைப் பையில வச்சுவிட்டோம், அதையும் கிழிச்சுப் போட்டுட்டார். சொல்லவே மாட்டேன்னுட்டார். அந்த நம்பர்ல அக்கா இல்லையாம்."